உயிரணுவும் அது வளரும் தட்டும்

நம் உடலில் இருநூறுக்கும் மேற்பட்ட வகை உயிரணுக்கள் இருக்கின்றன. இதயத் தசையின் உயிரணு ஓயாமல் சுருங்கி விரிகிறது. நரம்பு உயிரணு செய்தியைக் கடத்துகிறது. கணையத்தில் இருக்கும் உயிரணு இன்சுலினைச் சுரக்கிறது. வேலைகள் வெவ்வேறாக இருந்தாலும், ஏறக்குறைய இவை அனைத்திலும் உள்ள மரபணுத் தொகுதி ஒன்றே. கருவுற்ற ஒரே முட்டையிலிருந்துதான் எல்லாம் தோன்றின. அப்படியானால் ஒன்று இதயமாகவும் மற்றொன்று நரம்பாகவும் ஆனது எப்படி? மரபணுவை மட்டும் பார்த்து இக்கேள்விக்கு விடை சொல்ல முடியாது. உயிரணு எந்த இடத்தில் இருந்தது, அதன் அண்டையில் எவை இருந்தன, எந்தப் புரதங்கள் அதன்மீது பட்டன என்பவற்றையும் பார்க்க வேண்டும். கருவிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முயன்றவர்கள் இதைப் பல ஆண்டு உழைப்பின் வழியே கற்றுக்கொண்டார்கள்.

கருவுற்ற ஐந்தாம் நாளில் மனிதக் கரு ஒரு மணற்பொடி அளவே இருக்கும். ஏறத்தாழ நூறு உயிரணுக்கள் சேர்ந்த ஓர் உள்ளீடற்ற பந்து அது. அதன் வெளிச்சுவர் பின்னாளில் நச்சுக்கொடியாக மாறும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உயிரணுத் திரளிலிருந்துதான் குழந்தையின் உடல் முழுவதும் உருவாகும். இந்தத் திரளைப் பிரித்தெடுத்து வளர்த்தால் கிடைப்பவையே கருக் குருத்தணுக்கள். குருத்து என்ற சொல் இவற்றுக்கு மிகவும் பொருந்துகிறது. வாழையின் குருத்து இன்னும் விரியாத இலை. குருத்தணுவும் இன்னும் எந்த உறுப்பாகவும் விரியாத உயிரணு. அது தன்னைப் போன்ற உயிரணுக்களைத் தொடர்ந்து உண்டாக்கும். உரிய சூழல் அமைந்தால் உடலின் எந்த வகை உயிரணுவாகவும் மாறும்.

தாயின் கருப்பையில் இந்தக் குருத்து நிலை சில நாள்களே நீடிக்கும். ஆய்வாளர்களோ அதை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீட்டிக்க விரும்பினார்கள். வாழைக்குருத்தை விரியவும் விடாமல், வாடவும் விடாமல் காப்பதற்கு ஒப்பான வேலை இது. அதற்கு அவர்கள் கையில் இருந்தவை ஒரு பிளாஸ்டிக் தட்டும் ஒரு திரவமும்தான். சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள், வைட்டமின்கள், சில புரதங்கள் ஆகியவை கலந்த அத்திரவத்தை வளர்ப்பூடகம் என்கிறோம். உயிரணுக்கள் உள்ள தட்டு 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 5 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றில் பெட்டிக்குள் வைக்கப்படும். ஊடகத்தில் சாயம் ஒன்றும் சேர்ப்பதுண்டு. உயிரணுக்களின் கழிவால் அமிலத்தன்மை மிகும்போது, இளஞ்சிவப்பாக இருந்த திரவம் மஞ்சளாக மாறிவிடும். குருத்தணு வளர்ப்போர் பெரும்பாலும் நாள்தோறும் ஊடகத்தை மாற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக உயிரணுக்கள் உண்ணாமல் இருப்பதில்லை!

இந்த ஆய்வின் தொடக்கக் காலத்தில் சிங்கப்பூருக்குக் குறிப்பிடத்தக்க இடம் உண்டு. 1983ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அச்சாதனையை நிகழ்த்திய மருத்துவக் குழுவின் தலைவர், இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். ஷான் ரத்னம். அவருடைய துறையில் பணியாற்றியவர் அரிஃப் போங்சோ. இவரும் இலங்கையில் பிறந்தவர். கால்நடை மருத்துவம் பயின்றவர். அக்காலத்தில் தட்டில் வளர்த்த கருக்களுள் பல, ஐந்தாம் நாளை எட்டுவதற்கு முன்பே வளர்ச்சி குன்றி அழிந்தன. தாயின் உடலில் அந்த நாள்களைக் கரு எங்கே கழிக்கிறது என்று போங்சோ சிந்தித்தார். கருக்குழாய் வழியாகத்தான் அது கருப்பையை நோக்கி நகர்கிறது. எனவே மனிதக் கருக்குழாயின் உயிரணுக்களைத் தட்டில் பரப்பி, அவற்றின்மேல் கருவை வைத்து வளர்த்தார். வெறும் ஊடகத்தில் தவித்த கருக்கள் இந்தப் படுக்கையின்மேல் நன்றாக வளர்ந்தன.

அடுத்த படியாக, பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்குப் பின் எஞ்சிய கருக்களைப் பெற்று, அவற்றின் உள்திரளைப் பிரித்து வளர்க்க அவர் முயன்றார். 1994ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் போங்சோவும் அவருடைய குழுவினரும் அந்த முயற்சியின் முடிவை வெளியிட்டனர். உயிரணுக்கள் பிழைத்தன, பெருகின, குருத்தணுவின் தோற்றத்துடன் இருந்தன. ஆனால் இரண்டு முறை புதிய தட்டுக்கு மாற்றும் வரைதான் அந்நிலை நீடித்தது. பிறகு அவை தம் தன்மையை இழந்து சாதாரண இணைப்புத் திசு உயிரணுக்களைப் போல மாறத் தொடங்கின. குருத்து விரிந்துவிட்டது.

இவ்வளவுக்கும், சுண்டெலியின் கருக் குருத்தணுக்களை 1981ஆம் ஆண்டிலேயே வளர்த்துக் காட்டியிருந்தார்கள். பிரிட்டனில் மார்ட்டின் எவன்சும் மேத்யூ காஃப்மனும், அமெரிக்காவில் கெயில் மார்ட்டினும் தனித்தனியே இதைச் செய்தனர். 1988ஆம் ஆண்டில் எல்.ஐ.எஃப். என்ற புரதத்தை ஊடகத்தில் சேர்த்தால் சுண்டெலிக் குருத்தணுக்கள் குருத்து நிலையிலேயே இருக்கும் என்பதும் தெரியவந்தது. சுண்டெலிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே? அந்த எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. மனிதக் குருத்தணுக்களுக்கு எல்.ஐ.எஃப். மட்டும் போதவில்லை.

1998ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன் வெற்றியை அறிவித்தார். அவருடைய குழு 14 உள்திரள்களைப் பிரித்து, அவற்றிலிருந்து ஐந்து குருத்தணுப் பரம்பரைகளை உருவாக்கியது. ஒரே கருவின் உயிரணுக்களிலிருந்து பெருகிவரும் வழித்தோன்றல்களையே இங்கே பரம்பரை என்கிறோம். இந்த உயிரணுக்கள் பல மாதங்கள் மாறாமல் பெருகின. இவை சுண்டெலிக் கருவிலிருந்து எடுத்த இணைப்புத் திசு உயிரணுக்களின்மேல் வளர்க்கப்பட்டவை. அந்தச் சுண்டெலி உயிரணுக்கள் மேலும் பெருகாதபடி அவற்றின்மீது கதிர்வீச்சுச் செலுத்தப்பட்டிருந்தது. அவை உயிரோடு இருந்து, தேவையான புரதங்களைச் சுரந்து, மேலே உள்ள குருத்தணுக்களைக் காத்தன. பிறர் குழந்தைக்குப் பாலூட்டி வளர்ப்பவளைச் செவிலித்தாய் என்று நம் இலக்கியம் சொல்லும். அந்த வகையில் இவற்றைச் செவிலி உயிரணுக்கள் எனலாம்.

செவிலி உயிரணுக்கள் எதைக் கொடுத்துக் குருத்தணுக்களைக் காக்கின்றன? இதைப் பிரித்தறிய ஆண்டுகள் பல ஆயின. மனிதக் குருத்தணுக்கள் குருத்து நிலையில் இருக்க எஃப்.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சிப் புரதம் முக்கியம் என்பது தெளிவாயிற்று. இதைவிட வியப்பானது பி.எம்.பி.4 என்ற புரதத்தின் கதை. 2002ஆம் ஆண்டில் தாம்சனின் குழுவினர் மனிதக் குருத்தணுக்கள் உள்ள தட்டில் இதைச் சேர்த்தனர். அவை நச்சுக்கொடி சார்ந்த உயிரணுக்களாக மாறின. அடுத்த ஆண்டு எடின்பரோவில் இதே புரதத்தை எல்.ஐ.எஃப். உடன் சேர்த்துச் சுண்டெலிக் குருத்தணுக்களுக்குக் கொடுத்தார்கள். அவை மாறாமல் குருத்தணுக்களாகவே நீடித்தன. புரதம் ஒன்றுதான். ஓரிடத்தில் அது ‘மாறு’ என்று சொன்னது. மற்றோரிடத்தில் ‘அப்படியே இரு’ என்று சொன்னது. கேட்கும் உயிரணு எது, அதனுடன் வேறு எந்தப் புரதம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறிவிடுகிறது.

சுண்டெலிச் செவிலிகளால் வேறொரு சிக்கலும் எழுந்தது. குருத்தணு ஆய்வின் நோக்கம் தட்டில் உயிரணுக்களைப் பார்த்து வியப்பது மட்டுமன்று. நீரிழிவால் அழிந்த கணைய உயிரணுக்களுக்கும், முதுமையில் சிதையும் விழித்திரைக்கும், அடிபட்ட முதுகுத்தண்டுக்கும் மாற்று உயிரணுக்களை உருவாக்க முடியும் என்ற நம்பிக்கை நோயாளிகளிடையே பரவியிருந்தது. ஆனால் சுண்டெலியோடு ஒட்டி வளர்ந்த உயிரணுவை மனித உடலில் செலுத்தலாமா? சுண்டெலியின் வைரஸ் கிருமி அதனோடு சேர்ந்து நுழைந்துவிட்டால் என்ன செய்வது? ஊடகத்தில் சேர்க்கப்பட்ட கன்றின் சீரத்தைப் பற்றியும் இதே அச்சம் இருந்தது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், அன்றுவரை உருவாகியிருந்த கருக் குருத்தணுப் பரம்பரைகளை ஆராய மட்டுமே மத்திய அரசின் நிதி கிடைக்கும் என்று அறிவித்தார். அப்பரம்பரைகள் சுண்டெலி உயிரணுக்களோடு வளர்ந்தவை. அவற்றைக் கைவிட்டுப் புதியவற்றை உருவாக்க அரசு நிதி கிடைக்காது.

சிங்கப்பூரில் போங்சோவின் குழு மனிதச் செவிலிகளை நாடியது. 2002ஆம் ஆண்டில் மனிதத் தசை, தோல், கருக்குழாய் ஆகியவற்றின் உயிரணுக்களைச் செவிலிகளாகப் பரப்பி, அவற்றின்மேல் குருத்தணுக்களை நீண்டகாலம் மாறாமல் வளர்த்துக் காட்டினார்கள். சுண்டெலியின் உயிரணு இல்லாமலேயே மனிதக் குருத்தணுவை வளர்க்க முடியும் என்பது அப்போது தெளிவாயிற்று. முன்பு கருக்களைக் காப்பாற்றிய கருக்குழாய் உயிரணுக்கள் இந்த முறையும் உதவியதைக் கவனியுங்கள்.

இந்த முயற்சி தேவையற்ற அச்சத்தால் எழுந்தது என்று எண்ணியவர்களும் இருந்திருக்கலாம். 2005ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் அஜித் வர்கி, ஃப்ரெட் கேஜ் ஆகியோரின் குழுக்கள் வெளியிட்ட ஆய்வு அந்த அச்சம் நியாயமானது என்று காட்டியது. பெரும்பாலான பாலூட்டிகளின் உயிரணுப் பரப்பில் ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறு உண்டு. மனிதரால் அதை உண்டாக்க முடியாது. அதற்கான மரபணு நம் முன்னோரிடத்திலேயே செயலிழந்துவிட்டது. சுண்டெலிச் செவிலிகளின் மேலும், விலங்குப் பொருள்கள் கலந்த ஊடகத்திலும் வளர்ந்த மனிதக் குருத்தணுக்கள் இந்த அயல் சர்க்கரையை உறிஞ்சித் தம் மேற்பரப்பில் அணிந்துகொண்டிருந்தன! மனித இரத்தத்திலோ அச்சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. அவை இந்த உயிரணுக்களைப் பகையென்று கருதித் தாக்கக்கூடும். மரபணுவால் முழுக்க மனிதராக இருந்த உயிரணு, உண்ட உணவால் வெளித்தோற்றத்தில் அயலாகிவிட்டது.

செவிலிகளையே நீக்கிவிட்டால் சிக்கல் தீரும் அல்லவா? அந்த முயற்சியும் நடந்தது. 2001ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஜெரான் நிறுவனத்தார் தட்டில் மேட்ரிஜெல் என்ற பசைபோன்ற பொருளைப் பூசி, செவிலி உயிரணு இல்லாமல் குருத்தணுக்களை வளர்த்தனர். ஆனால் மேட்ரிஜெல் எடுக்கப்படுவது சுண்டெலியின் கட்டி ஒன்றிலிருந்து. ஊடகமும் சுண்டெலிச் செவிலிகளோடு சில காலம் வைத்து எடுக்கப்பட்டதுதான். வாசல் வழியே அனுப்பிய சுண்டெலி சன்னல் வழியே திரும்பி வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. 2006ஆம் ஆண்டில் விலங்குப் பொருள் எதுவும் இல்லாத ஊடகம் ஒன்றை விஸ்கான்சின் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதில் புதிதாக இரண்டு பரம்பரைகளையும் உருவாக்கினர். சில மாதங்களில் அவை இரண்டிலும் குரோமோசோம்களின் எண்ணிக்கை இயல்பாக இல்லை என்பது தெரியவந்தது. பின்னர் 2011ஆம் ஆண்டில் தாம்சனின் குழு ஊடகத்தின் பொருள்களை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்து, எட்டே பொருள்கள் போதும் என்று கண்டது.

திரவத்தை மட்டும் கவனித்தால் போதாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு உயிர்வளி உள்ளது. ஆனால் கருக்குழாயிலும் கருப்பையிலும் உயிர்வளி அதைவிடக் குறைவு. 2005ஆம் ஆண்டில் மிசூரிப் பல்கலைக்கழகத்தார் குருத்தணுக்களை 3 முதல் 5 விழுக்காடு உயிர்வளியில் வளர்த்துப் பார்த்தனர். தாமாக மாறிப்போகும் உயிரணுக்கள் வெகுவாகக் குறைந்தன. நமக்கு நல்ல காற்று அவற்றுக்கு அளவு மிகுந்த காற்றாக இருந்திருக்கிறது. தட்டின் மென்மையும் உயிரணுவின் போக்கை மாற்றும். 2006ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களை வெவ்வேறு மென்மையுள்ள பரப்புகளில் வளர்த்தார்கள். மூளையைப் போல் மென்மையான பரப்பில் அவை நரம்பு உயிரணுக்களின் சாயலையும், சற்றுக் கடினமான பரப்பில் தசையின் சாயலையும், மேலும் கடினமான பரப்பில் எலும்பின் சாயலையும் பெற்றன. அவை கருக் குருத்தணுக்கள் அல்ல என்றாலும், உயிரணு தான் அமர்ந்திருக்கும் இடத்தைத் தொட்டு உணர்கிறது என்பதை இந்தச் சோதனை காட்டியது.

மனிதக் கருக் குருத்தணுக்களுக்குத் தனிமையும் ஆகாது. சுண்டெலிக் குருத்தணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாலும் அவை பிழைத்துக்கொள்ளும். மனிதக் குருத்தணுக்களை அப்படிப் பிரித்தால் பெரும்பாலானவை இறந்துவிடும். எனவே ஆய்வாளர்கள் அவற்றைச் சிறு கூட்டங்களாகவே வெட்டி எடுத்துப் புதிய தட்டுக்கு மாற்றினார்கள். மிகுந்த பொறுமையும் கைத்திறனும் வேண்டிய வேலை அது. 2007ஆம் ஆண்டில் ஜப்பானின் கோபே நகரில் யோஷிகி சசாயின் குழு, ஊடகத்தில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் தனித்த உயிரணுக்களும் பிழைக்கும் என்று கண்டறிந்தது. தனியாகும்போது உயிரணுவுக்குள் எழும் அழிவுச் சைகையை அப்பொருள் தடுத்துவிடுகிறது.

அதே சசாய் குழு செய்த மற்றொரு சோதனையை எத்தனை முறை படித்தாலும் வியப்புத் தீராது. சுண்டெலிக் குருத்தணுக்களைத் தட்டில் ஒட்டவிடாமல், பந்துபோல் திரண்டு மிதக்கும்படி விட்டார்கள். உரிய புரதங்களையும் கொடுத்தார்கள். அந்தப் பந்தின் ஒரு பகுதி வெளியே புடைத்து, பிறகு தானாக உள்மடங்கி, கருவில் கண் தோன்றும்போது காணப்படும் கிண்ண வடிவத்தைப் பெற்றது. 2011ஆம் ஆண்டில் இதை வெளியிட்டவர்கள், மறு ஆண்டே மனிதக் குருத்தணுக்களிலும் அவ்வாறே விழிக்கிண்ணத்தை உருவாக்கினர். அதை எந்த அச்சிலும் வார்க்கவில்லை. ஒட்டுவதற்குப் பரப்பில்லாத இடமும் சரியான ஊடகமும் மட்டுமே கொடுக்கப்பட்டன. தட்டையான தட்டில் வெளிப்படாத ஆற்றல் உருண்டையில் வெளிப்பட்டது.

வளர்ப்புச் சூழலின் மிக நுட்பமான விளைவு என நான் கருதுவதை இனிக் கூறுகிறேன். மேலே சொன்ன மாற்றங்களைக் கண்ணால் பார்த்துவிடலாம். குருத்தணு வேறு வகையாக மாறினால் உருவம் மாறும், இறந்தால் மிதக்கும். ஆனால் மாறாமல் இருப்பதுபோலவே தோற்றமளித்துக்கொண்டு உள்ளுக்குள் மாறிப்போகும் உயிரணுக்களும் உண்டு. உயிரணு பிளவுபடும்போது எப்போதாவது குரோமோசோமில் பிழை நேர்கிறது. பிழையுள்ள உயிரணு பொதுவாக அழிந்துவிடும். ஆயினும் சில பிழைகள், தட்டில் வாழும் உயிரணுவுக்கு இலாபமாக அமைந்துவிடுகின்றன. மற்றவற்றைவிட வேகமாகப் பெருகவோ, இறக்க வேண்டிய நேரத்தில் இறக்காமல் தப்பவோ அவை உதவுகின்றன. அத்தகைய உயிரணு ஒன்றே ஒன்று இருந்தாலும், வாரந்தோறும் தட்டு மாற்றும்போது அதன் வழித்தோன்றல்கள் மிகுந்துகொண்டே போகும். சில மாதங்களில் தட்டு முழுவதும் அவையே நிறைந்துவிடும். நெல் வயலில் களை மண்டுவதைப் போன்றதே இது. ஆனால் இங்கே களையும் பயிரும் ஒரே சாயலில் இருக்கும்.

பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆண்ட்ரூசின் குழு 2004ஆம் ஆண்டில் இதைச் சுட்டிக்காட்டியது. வெவ்வேறு பரம்பரைகளில் 12ஆம், 17ஆம் குரோமோசோம்களே திரும்பத் திரும்ப மிகுதியாகக் காணப்பட்டன. இது தற்செயலாக இருக்க முடியாது. 2011ஆம் ஆண்டில் உலகின் 38 ஆய்வுக்கூடங்களிலிருந்து 125 கருக் குருத்தணுப் பரம்பரைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றின் குரோமோசோம்கள் இயல்பாகவே இருந்தன. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் 20ஆம் குரோமோசோமின் ஒரு சிறு துண்டு கூடுதலாக இருந்தது. உயிரணு இறப்பதைத் தடுக்கும் மரபணு ஒன்று அத்துண்டில் இருக்கிறது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு இனத்தவரின் கருக்களிலிருந்து வந்த உயிரணுக்கள், ஒரே வகையான தட்டு வாழ்க்கையால் ஒரே வகையான பிழையை நோக்கி நகர்ந்திருக்கின்றன. இறக்க மறுப்பதும் அளவின்றிப் பெருகுவதும் புற்றுநோய் உயிரணுக்களின் குணங்கள் என்பதை நினைவில் கொண்டால், இதை ஏன் பெரிதாகக் கருதுகிறார்கள் என்பது விளங்கும். அத்தகைய உயிரணுவை நோயாளியின் கண்ணிலோ முதுகுத்தண்டிலோ யாரும் செலுத்த விரும்பமாட்டார்கள்.

கெட்டுப்போன பரம்பரைக்குப் பதிலாக இன்னொன்றை உருவாக்கிக்கொள்வதும் எளிதன்று. ஒவ்வொரு பரம்பரைக்கும் ஒரு மனிதக் கரு பயன்படுத்தப்படுகிறது. அது சரியா என்பதில் சமயத்தாரிடையேயும் அறிஞரிடையேயும் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. சிங்கப்பூரில் உயிரியல் நன்னெறி ஆலோசனைக் குழு 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு, பல்வேறு சமயத்தாரின் கருத்துகளையும் கேட்டறிந்தது. மனிதரைப் படியெடுப்பதைத் தடை செய்யும் சட்டம் 2004ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவைப் பதினான்கு நாளுக்கு மேல் வளர்ப்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. முதிர்ந்த உயிரணுவையே மீண்டும் குருத்து நிலைக்குக் கொண்டுவரும் முறையை ஜப்பானியர் ஷின்யா யமனாக்கா 2006ஆம் ஆண்டில் கண்டுபிடித்த பிறகு, கருவைப் பயன்படுத்த வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் அவருடைய குருத்தணுக்களும் இதே தட்டில், இதே ஊடகத்தில்தான் வளர்கின்றன; அவற்றிலும் இதே குரோமோசோம் பிழைகள் காணப்படுகின்றன.

ஆகவே குருத்தணு ஆய்வுக்கூடங்களில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. புதிய பரம்பரை கிடைத்தவுடன், அது இன்னும் இளமையாக இருக்கும்போதே பல சிறு குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனில் ஏறத்தாழ -196 பாகை குளிரில் சேமித்துவிடுகிறார்கள். அன்றாட வேலைக்கு ஒரு குப்பியை மட்டும் எடுத்து வளர்க்கிறார்கள். குறிப்பிட்ட தடவை தட்டு மாற்றியபின் சில உயிரணுக்களை எடுத்து அவற்றின் குரோமோசோம்களைச் சோதிக்கிறார்கள். ஒரு தட்டு வழக்கத்தைவிட வேகமாகவும் செழிப்பாகவும் வளரத் தொடங்கினால், அனுபவமுள்ளவர்கள் அதைக் கண்டு மகிழ்வதில்லை. அதைத்தான் முதலில் சோதனைக்கு அனுப்புகிறார்கள். பிழை தெரிந்தால் அந்தத் தட்டுகளையெல்லாம் அழித்துவிட்டு, உறைந்திருக்கும் அடுத்த குப்பியை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வேலையை மறுபடி தொடங்குகிறார்கள்.